வலப்பக்கத்துக் கடல்

வெள்ளவத்தையில் வரதராசா அண்ணையின் பிளட்டில் ஓர் அறை எடுத்து இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக ஓரிடமும் இல்லை. ஆகவே பக்கத்து அறையில் அவர் மொடல் ரயில் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டடி நீளப் பலகையில் கொழும்பின் கரையோர ரயில் பாதை. ஒரு முனையில் கல்கிசை, மறுமுனையில் கோட்டை, இடையில் தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி. கோட்டைக்குப் பக்கத்தில் மிளகாய் மூட்டைகளோடு புறக்கோட்டைச் சந்தை. தெஹிவளையில் மிருகக்காட்சிசாலை, இரண்டு யானைகள். பின்சுவரில் நீளத்துக்கு வர்ணத்தில் கடல் கீறியிருந்தார். ஏழு வருட வேலை.

அன்றைக்கு ரயில் கல்கிசையிலிருந்து கோட்டைக்குப் புறப்பட்டது. நான் தினமும் வேலைக்குப் போகிற பாதை அது. கடற்காற்றுக்காக இடப்பக்க யன்னலுக்கு அடிபடுகிறவன் நான்.

"அண்ணை, கோட்டைக்குப் போகேக்க கடல் இடது பக்கமெல்லோ வரும்? இங்க வலது பக்கம் கிடக்கு" என்றேன்.

அவர் ரயிலை நிறுத்தினார். பல்கனிக்குப் போய் உண்மையான கடலைப் பார்த்தார். திரும்பி வந்து பலகையைப் பார்த்தார். மறுபடியும் பல்கனிக்குப் போனார். மனுசனுக்கு ரயிலென்றால் உயிர். ஆனால் முப்பது வருடமும் வேலைக்குப் போனது கடல் தெரியாத காலி வீதியால், நூறாம் நம்பர் பஸ்ஸில்.

"ஓமடா" என்றார், காய்ச்சல்காரன் குரலில்.

பின்னேரம் மனைவி சிவமணி அக்காவிடம் அறிவித்தார். "எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் புதுசா அடிக்கப்போறன்."

அக்காவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் கண்டேன்.

"கழட்டுங்கோ. வடிவாக் கழட்டுங்கோ. கழட்டினா அந்த அறை எனக்கு. ஆறு கதிரையோட சாப்பாட்டு மேசை வரும். புது ரயில் ஒண்டும் வராது."

"அதென்ன கதை?"

"நாங்கள் மடியில சோத்துக் கோப்பையை வச்சுச் சாப்பிடுறம். உங்கட யானைக்குத் தனி அறை. இதுதான் கதை."

அண்ணை மாட்டுப்பட்டுப் போனார். விட்டால் பிழையான கடலோடு குடியிருக்கவேண்டும். கழற்றினால் ரயிலே இல்லை. நாலு நாள் ஸ்குரூ டிரைவரும் கையுமாகத் திரிந்தார், ஓர் ஆணியையும் தொடவில்லை. ஐந்தாம் நாள், கீழ்த்தட்டு ஹமீட் நானாவைக் கூட்டிவந்தார். தண்ணீர் மோட்டர்ச் சண்டை முதல் கார் நிறுத்துகிற சண்டை வரை எங்கள் பிளட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் அவர்தான்.

நானா பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இதுக்கா என்னைய கூப்பிட்ட? பேர்ப் பலகைய மாத்துங்கோ. கல்கிசை ஈக்கிற இடத்துல கோட்டை, கோட்டை ஈக்கிற இடத்துல கல்கிசை. கடல் தானா இடது பக்கம் வரும்."

"அப்ப தெஹிவளை பம்பலப்பிட்டி ஆகிடும் நானா. பம்பலப்பிட்டியில யானை நிக்குமே."

"நிக்கட்டுமே. அங்கத்த ட்ராபிக்ல மனிசன் நிக்கிறதில்லையா?"

"கல்கிசைப் பீச்சில மிளகாய் மூட்டை?"

"அது கொஞ்சம் கஷ்டம்தான்" என்று நானா ஒப்புக்கொண்டார்.

இருந்தாலும் பார்ப்போமென்று அண்ணை கல்கிசைப் பெயர்ப்பலகையை நெம்பினார். அது கழன்று வர, அடியில் இன்னொரு பலகை. அதில் 'கோட்டை' என்று இருந்தது.

அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கத்தினார்.

"சிவமணி! இது உம்மட வேலை!"

கதை வெளியே வந்தது. ஏழு வருடத்துக்கு முன், முதல் ஓட்டம். தேங்காய் உடைத்து, நல்ல நேரம் பார்த்து, கோட்டையிலிருந்து கல்கிசைக்கு ரயிலை விட நிற்கும்போது அக்கா மறித்திருக்கிறார். கல்கிசை தெற்கு. தெற்கு யமனின் திசை. முதல் ஓட்டம் அங்கே போகக்கூடாது. எஞ்சினை மறுமுனைக்குக் கொண்டுபோக வயர் எட்டவில்லை, நல்ல நேரமோ முடிய ஆறு நிமிடம். அண்ணை இருந்த பெயர்ப்பலகைகளுக்கு மேலேயே பெயர்களை இடம்மாற்றி எழுதி ஒட்டிவிட்டார். ரயில் அதே பக்கம்தான் போனது. ஆனால் பலகைப்படி, வடக்கே கோட்டைக்குப் போனது.

"யமன் பலகையைத்தான் வாசிப்பார் எண்டு சொன்னது ஆர்?" என்றார் அண்ணை.

"நீங்கள்தான். நான் ஓம் எண்டது மட்டும்" என்றார் அக்கா.

பிறகு அவற்றைக் கழற்ற அண்ணை மறந்து, அந்தப் பலகைகளைப் பார்த்தே சந்தையையும் யானைகளையும் வைத்திருக்கிறார்.

"அப்ப கழட்டிப் புதுசா செய்றதுதான் சரி" என்றார் நானா.

"கையை எடுங்கோ!" அக்கா பலகைக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார். "நல்ல நேரத்தில வச்சது. அந்தக் கிழமைதான் மகள் மிதுனாவுக்குக் கனடா விசா வந்தது. பிள்ளைக்கு அங்க நிரந்தரமா இருக்கிற பி.ஆர். இன்னும் வரேல்ல. ஒரு ஆணியும் அசையப்படாது!"

"அப்ப மேசை அக்கா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"மேசை இல்லாமல் ஆரும் செத்ததில்லை."

அறை தப்பியது. ஆனால் அண்ணை சந்தோசப்படவில்லை. கதிரையில் குந்தி, சுவர்க்கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஏலாது நானா. எப்பிடிப் பாத்தாலும் வலது பக்கம்தான்."

நானா பிளேன்டீயை மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். "வரதராசா, கோச்சில பின்னுக்குப் பாத்துக்கொண்டு இருந்தா கடல் எந்தப் பக்கம்?"

அண்ணை எழும்பினார். கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்றார். மெதுவாக இடது கையைத் தூக்கிச் சுவரைத் தொட்டார். கண் கலங்கிவிட்டது.

கண்டுபிடித்தவன் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. நாலு பெட்டி, நாற்பத்திரண்டு பிளாஸ்டிக் பயணிகள். அக்கா புருவம் பிடுங்குகிற சாமானால் ஒவ்வொருவராகக் கிளப்பி, திருப்பி இருத்தி, பசை வைத்தேன். பௌர்ணமிப் போயா லீவும் அதிலேயே போனது.

பின்னேரம் ரயில் கோட்டைக்குப் புறப்பட்டது. சனம் முழுக்கக் கல்கிசையைப் பார்த்தபடி, இடப்பக்கம் கடலோடு போனது. அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அக்கா குனிந்து எஞ்சினுக்குள் பார்த்தார்.

"ட்ரைவரையும் திருப்பிப் போட்டிருக்கிறியள்?"

"அவருக்கும் கடல் இடது பக்கம்தானே வரவேணும்."

"அப்ப வழியை ஆர் பாக்கிறது?"

அண்ணை வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"ஏழு வருசமா ஓட்டுறார். அவருக்குத் தெரியாத வழியே?"