மணல் உள்ள ஊர்

கொளஞ்சியப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கச்சிராயபாளையம் ரோட்டில் குறுக்கே விழுந்து கிடந்த புளியமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருடைய மரம். சாய்க்கச் சொன்னவரும் அவரேதான்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல். உளுந்தூர்பேட்டை வரைக்கும் ரோடெல்லாம் மரமாகக் கிடக்கிறது, பஸ் இல்லை, லாரி இல்லை என்றார்கள். நேற்று பையன்கள் ரம்பமும் கோடாலியுமாக வந்து எந்த மரத்தை வெட்டலாம் என்று நின்றபோது இவர்தான் மார்தட்டினார். "என் கொல்ல ஓரத்துப் புளியமரத்த சாய்ங்கடா. யானையே வந்தாலும் தாண்டாது." பையன்கள் கை தட்டினார்கள். மரம் சாய்ந்தது, மேலே போன டெலிபோன் கம்பியையும் இழுத்துக்கொண்டு. அந்த மகராசன் ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாரா? பார்க்கவில்லை.

அந்தக் கம்பி போய்ச் சேருகிற இடம் வேடியப்பனின் நெல் மில். ஊரில் இருக்கிற ஒரே போன் அங்கேதான். இன்று சாயங்காலம் அந்தப் போனில் ஜெர்மனியிலிருந்து மகன் சிவசங்கர் கூப்பிடுவான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மகன் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும், கொளஞ்சியப்பன் அய்யனார் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். "அவன் என் வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. அவன் வூட்டு வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன்." யார் கேட்டார்கள் இவரை? வீம்பு. சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை அந்தப் பக்கத்தில் யாரும் மீறுவதில்லை. அதற்கப்புறம் ரெண்டு தரம் மகன் மில்லுக்குப் போன் போட்டான். ரெண்டு தரமும், மனைவி அம்சவள்ளிக்குக்கூடச் சொல்லாமல், "நாங்க இல்லன்னு சொல்லிடு" என்று வேடியப்பனைத் திருப்பி அனுப்பினார்.

அப்புறம் பேத்தியின் போட்டோ வந்தது. அப்படியே இவருடைய அகல நெற்றி. மனுஷன் உடைந்து போனார்.

சிவசங்கர்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். உங்க வூடும் வேணாம், என் வூடும் வேணாம். அங்கே கோடை லீவு என்றால் நமக்கு ஆடி மாசம். வருகிற ஆடியில் ஒரு கடற்கரையில் ரூம் எடுக்கிறேன், ரெண்டு பேரும் வாங்க, அங்கே யாருடைய வாசப்படியும் இல்லை என்று எழுதினான். மூன்று கடற்கரைப் படங்களும் வைத்திருந்தான். இன்ன தேதி சாயங்காலம் மில்லுக்குப் போன் போடுகிறேன், எது வேண்டும் என்று அப்பா சொல்லட்டும், இப்போதே சொன்னால்தான் ரூம் கிடைக்கும். இந்தத் தடவையும் யாரும் போனுக்கு வரவில்லை என்றால் இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று முடித்திருந்தான்.

படங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு புருஷனும் பொண்டாட்டியும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. கிரீஸில் வீடெல்லாம் வெள்ளை வெளேரென்று அழகுதான். ஆனால் கடலுக்கு இறங்க அத்தனை படி. "என் முட்டிக்கு ஆவாது" என்றாள் அம்சவள்ளி. இத்தாலியில் கரை முழுக்கக் கூழாங்கல். "கடல்னு சொல்லிட்டு ஆத்துக்கல்ல கொட்டி வச்சிக்கிறானுங்க. கொழந்த எங்க வெளையாடும்?" என்றார் இவர். ஸ்பெயினில் மணல். தட்டையாக, கடலூர் மாதிரி. "இதாண்டி. நீயும் நடக்கலாம், அதுவும் வெளையாடலாம்."

காலையில் மில்லுக்குப் போய் போனை எடுத்துப் பார்த்த அம்சவள்ளி அழுதுகொண்டே திரும்பினாள். "அதுல உசுரே இல்லங்க. நல்லா சாய்ச்சீங்க மரத்த!"

லைன்மேன் எப்படி வருவான்? ரோட்டை மறித்தவரே இவர். மறியல் பையன்களுக்குத் தலைவன் பிச்சைமுத்து, மருமகன் முறை. அவனிடம் போய்க் கெஞ்சினார்.

"மறியல் முடியிற வரைக்கும் மரத்த தொடக் கூடாது மாமா. நீங்களே சாய்ச்சிட்டு நீங்களே நவுத்தச் சொன்னா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்டா. என் புள்ள போயிடுவான்டா!"

பிச்சைமுத்து மசியவில்லை. வேடியப்பன்தான் வந்து பார்த்துச் சொன்னார்: "ஒரு கம்பிதான் அறுந்துகீது. ரெண்டு முனையும் சேந்துக்கினு இருந்தா போதும், பேசலாம். ஆனா வெறுங்கையால தொடாத. போன் வரும்போது ஷாக் அடிக்கும்."

முனைகள் எட்டவில்லை. வேலிக்கம்பியில் ஒரு துண்டு வெட்டி இடையில் முறுக்கினார். காற்றில் கம்பம் ஆடியதும் அவிழ்ந்துகொண்டது. மறுபடி முறுக்கினார். மறுபடி அவிழ்ந்தது. பொழுது சாய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அம்சவள்ளியை மில்லுக்கு அனுப்பிவிட்டு, மரத்தின் மேல் காலை ஊன்றி, இந்த முடிச்சை ஒரு கையிலும் அந்த முடிச்சை ஒரு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தூறல் போட்டது. ஈரக் கை.

சுருக்கென்று முழங்கை வரை ஏறியது. விட்டு விட்டு அடித்தது. "அய்யோ, கூப்புடுறான்டா! என் புள்ள கூப்புடுறான்!" என்று கத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டார். சட்டென்று அடி நின்றது. அம்சவள்ளி எடுத்துவிட்டாள்.

பிச்சைமுத்து மில்லுக்கு ஓடினான். மூச்சிரைக்க ஓடி வந்தான். "மாமா, உங்கள வரச் சொல்றாரு! எந்த ஊருன்னு நீங்க உங்க வாயால சொன்னாதான் நம்புவாராம். அவரு மனசு நோவக் கூடாதுன்னு அம்மாவே சும்மா சொல்லுதுன்னு நெனைக்கிறாரு."

கொளஞ்சியப்பன் கையிலிருந்த முடிச்சுகளைப் பார்த்தார். இதை விட்டுவிட்டு எப்படிப் போவது? விட்டால் லைன் போகும்.

"வர முடியலன்னு சொல்லு. கம்பிய புடிச்சிக்கினு நிக்கிறேன்னு சொல்லு. மணல் ஊரு, ஸ்பெயினுன்னு அப்பாதான் சொன்னாருன்னு சொல்லு. ஓடுறா!"

அவன் ஓடிய கொஞ்ச நேரத்தில் ஒரு காற்று வந்து கம்பத்தை உலுக்கியது. ஒரு முடிச்சு கையிலிருந்து உருவிக்கொண்டது. பாய்ந்து பிடித்துச் சேர்த்தார். உள்ளங்கையில் ரத்தம்.

அம்சவள்ளி முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"கட்டாயிடுச்சிங்க. நீங்க கம்பிய புடிச்சிக்கினு நிக்கிறீங்கன்னு சொன்னேன். அவன் காதுல வுழுந்துதா இல்லியான்னு தெரியல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வுடுங்க. கை கிழிஞ்சிருக்கு பாருங்க. வுடுங்கன்னா."

அவர் விடவில்லை. மரத்தின் மேல் அப்படியே நின்றார். இருட்டத் தொடங்கியது.

சுருக்கென்று ஏறியது.

"ஓடு அம்சா!" என்று அலறினார். "பாத்து ஓடு!"