பெல்ட் பதிந்த தோள்

கார் நொறுங்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதைப் பற்றி என் கணவர் சொன்ன கதைதான் எங்கோ இடித்தது.

"தனியா வந்துட்டிருந்தேன். நாய் குறுக்க ஓடுச்சு. வண்டிய ஒடிச்சேன், கம்பத்துல மோதிடுச்சு." யார் கேட்டாலும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் இதையே ஒப்பித்தார். காய்கறி வாங்கிவந்த கதையையே மூன்று விதமாகச் சொல்கிற மனுஷன் அவர்.

பழுது பார்க்கும் செலவு காரின் விலையைத் தாண்டுமாம். அதனால் நொறுங்கிய காரை எடுத்துக்கொண்டு அதன் மதிப்பைப் பணமாகத் தருவதாக இன்சூரன்ஸ் கம்பெனி சொன்னது. அந்தப் பணம் வந்தால்தான் கார்க் கடனை அடைக்கலாம். வராவிட்டால், இல்லாத காருக்கு மாதாமாதம் தவணை கட்டி அழ வேண்டும். நான் தைத்த திரைச்சீலைகள் வேறு, கொண்டுபோய்க் கொடுக்க வண்டியில்லாமல் கட்டில்மேல் குவிந்து கிடந்தன.

அன்று சாயங்காலம் அவர் தோளில் தைலம் தேய்த்துவிட்டேன். சீட் பெல்ட் இழுத்த இடம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. இடது தோளில் தொடங்கி, மார்பில் சாய்வாக இறங்கியிருந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் காரை நானும் ஓட்டியிருக்கிறேன். ஓட்டுகிறவருக்கு பெல்ட் வலது தோளில் விழும். இடது தோளில் விழுவது பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு.

அப்படியானால் ஓட்டியது யார்?

"மெதுவா தேயேன், வலிக்குது."

"வலிக்கட்டும்," என்றேன்.

யாரென்று எனக்கா தெரியாது? அவர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த கேஷியர் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாம். அவரே ஒரு நாள் வாய்தவறிச் சொன்னார். இப்போது போன் வந்தால் பால்கனிக்குப் போய்ப் பேசினார். கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். "அவளுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவா. நீ வாயே திறக்காதே," என்றார்.

நேரே கேட்டால் பூசி மெழுகிவிடுவார். நாலு பேர் எதிரில் கேட்க வேண்டும். பணம் தருவதற்கு முன் கடைசியாக விசாரிக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிற அன்று, என் பக்கம் ஓர் ஆள் இருக்கட்டுமென்று தம்பியை வரச்சொன்னேன். டிரைவராக இருந்தவன், குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவன். அதற்கு நான் விட்ட டோஸில் வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டிருந்தான். "அவசியம் வரணுமாக்கா?" என்று இழுத்தான். அதட்டியதும் வந்து மூலையில் உட்கார்ந்தான்.

சர்வேயர் அவசரக்காரர். "பெல்ட் போட்டிருந்தீங்களா சார்?"

"போட்டிருந்தேன்."

எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். அதோடு முடிந்திருக்கும். நான் விடுவேனா?

"வாய்ல சொன்னா ஆச்சா? சட்டைய விலக்கிக் காட்டுங்க. எந்தத் தோள்னு சாரே பாக்கட்டும்."

"இப்ப எதுக்கும்மா?" கணவரின் குரல் கெஞ்சியது.

"காட்டுங்க."

பட்டன்களைக் கழற்றினார். சர்வேயர் குனிந்து, நிதானமாகப் பார்த்தார்.

"இது பக்கத்து சீட்ல இருந்தவருக்கு விழற தடமாச்சே. ஓட்டினது யாரு?"

"கேளுங்க சார், நல்லா கேளுங்க."

அவள் பெயர் அவர் வாயால் வரட்டுமென்று காத்திருந்தேன். அவரோ மூலையைப் பார்த்தார். நானும் திரும்பினேன். அந்தப் புழுக்கத்திலும் தம்பி கழுத்துவரை பட்டன் போட்டிருந்தான். அவன் கை வலது தோளைப் பொத்தியிருந்தது.

"நீ உட்காருடா," என்றார் கணவர்.

அவன் எழுந்துவிட்டான். "நான்தான் சார். திரும்ப வேலைக்குப் போகணும், கை மறந்துடுச்சு, ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன்னு மாமாகிட்ட கெஞ்சினேன். அக்காவுக்கு பயந்துதான் மறைச்சோம்."

"லைசென்ஸ் இருக்கா தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். சர்வேயர் பேனாவை மறுபடி திறந்து, எழுதியதை அடித்தார்.

"லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தா கம்பெனி பணம் தராதும்மா," என்று என்னிடம்தான் சொன்னார். கேட்டவள் நானல்லவா?

சர்வேயர் போனதும் கணவர் ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டார். குரலில் கோபமே இல்லை.

"நீ யாருன்னு நெனச்சே?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. தம்பியின் தோளுக்குத் தைலம் தேடுவதுபோல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தைலம் என் கண்ணெதிரில்தான் இருந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். யாருன்னு நெனச்சே?"