அவசரமில்லாத தொண்ணூறு நிமிடம்

1

இந்தக் கதை கரோலா எனக்குச் சொன்னது. லைப்சிக் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அவளும் நானும் பதினோரு வருடம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தோம். போன வசந்தத்தில் அவள் விலகி ஒரு மசாஜ் நிலையத்தில் சேர்ந்தாள். முதுகு பிடித்துவிடுகிற இடமல்ல. ஆடை களைந்து, எண்ணெய் தடவி, உடம்பின் இன்பத்துக்காகவே தொடுகிற இடம். அந்த வேலைக்குத் தமிழில் மரியாதையான சொல் தேடி எனக்கு இரண்டு நாள் போனது. அகப்பட்டதெல்லாம் போலீஸ் செய்திகளில் வருகிற சொற்கள்.

முதல் தொடக்கம்: ‘வறுமை கரோலாவை அந்தக் கதவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.’ பொய். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘ஐம்பத்தொரு வயதில் கரோலா தன் உடலை’

(இதை முடிக்கக் கூச்சமாக இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.)

அவள் சொன்னதையே எழுதிவிடுகிறேன்.

“வாசு, இருபத்தாறு வருஷமா மனுஷங்க உடம்பத் தொட்டிருக்கேன். ஒருத்தரக்கூட அவசரமில்லாம தொட்டதில்ல. குளிப்பாட்ட இத்தன நிமிஷம், சாப்பாடு ஊட்ட இத்தன நிமிஷம். இங்க ஒரு ஆளுக்குத் தொண்ணூறு நிமிஷம். நம்புவியா நீ?”

2

ஜெர்மனியில் இது சட்டப்படி பதிவு செய்து பார்க்கிற வேலை. முதலில் சுகாதார அலுவலகத்தில் ஆலோசனை. அப்புறம் பதிவு அட்டை. அங்கிருந்த அம்மாள் கேட்டாள்: “யாராவது உங்களக் கட்டாயப்படுத்துறாங்களா?”

“ஆமாங்க. கிழவங்களத் தூக்கித் தூக்கித் தேஞ்ச என் முதுகெலும்பு.”

அம்மாள் சிரிக்கவில்லை. ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டாள். அட்டையில் சொந்தப் பெயருக்குப் பதில் ரொஸாலி என்று போட்டுக்கொண்டாள் கரோலா.

நிலையத்தை நடத்துகிற மாரிட் அவளைவிட இருபது வயது இளையவள். தானே படுத்துக்கொண்டு பழக்கிவிட்டாள். முதல் நாளே அதட்டல்.

“ரொஸாலி! படுக்கை விரிப்பு மாத்துற மாதிரி என்னப் புரட்டாதீங்க. நான் நோயாளி இல்ல.”

“மன்னிச்சுக்கோ. கை பழகிப்போச்சு.”

“இன்னொன்னு. அவங்க உங்களத் தொடலாமா, எது வரைக்கும்னு எண்ணெய் பாட்டிலத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். ஆளப் பிடிக்கலேன்னா திருப்பி அனுப்புங்க. நான் காரணம் கேக்கமாட்டேன்.”

கை நிதானத்துக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. இதற்கிடையில் மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். மகள் போனை வைத்தவள்தான், அதற்கப்புறம் எடுக்கவேயில்லை. (மகளைப் பாத்திரமாக வளர்க்கலாம் என்று நினைத்தேன். பேசாதவளுக்கு என்ன வசனம் எழுதுவது?)

3

முதல் வாடிக்கையாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். வணக்கம் சொன்ன குரலிலேயே கரோலாவுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் இல்லத்தில் இருந்த பெட்ஸோல்ட் என்ற முதியவரின் மகன் ஹென்றிக்.* மூன்று வருடத்தில் ஒரு தரம்கூட அப்பாவைப் பார்க்க வராதவர். போனில் பேசியதோடு சரி. அவள் முகம் அவருக்குத் தெரியாது; குரலையும் அவர் அடையாளம் காணவில்லை.

* பெயர்களை மாற்றியிருக்கிறேன். ‘வராதவன்’ என்றுதான் முதலில் எழுதினேன். ஜெர்மனில் இந்தத் தொல்லை கிடையாது. கரோலாவுக்கு அவர்மேல் கோபமில்லை, எனக்குத்தான். அதனால் ‘வராதவர்’.

திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எல்லையைச் சொன்னாள், எண்ணெயைச் சூடாக்கினாள். அப்பாவுக்கு இருந்த அதே சரிந்த தோள்.

“ஒருத்தர் என்னத் தொட்டு நாலு வருஷமாச்சு,” என்றார். “முடி வெட்டுறவரத் தவிர.”

அவர் எதைத் தேடி வந்தாரோ அதையும் அவள் குறைவைக்காமல் கொடுத்தாள். முடிந்ததும் அழுதார். துண்டால் போர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

4

மூன்றாவது செவ்வாய். குப்புறப் படுத்தபடியே அவர் பேசினார்.

“எங்கப்பா மார்ச்ல போயிட்டார். நான் பக்கத்துலயேதான் இருந்தேன். கையப் பிடிச்சிட்டே. நிம்மதியா போனார்.”

கரோலாவின் கை நின்றுவிட்டது.

நான் மறைத்துவைத்திருந்ததை இப்போது சொல்லியாக வேண்டும். பெட்ஸோல்ட் செத்த அந்தப் பிற்பகலில் அவர் பக்கத்தில் யாருமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வேறொரு அறையில், கீழே விழுந்த ஓர் அம்மாளைத் தூக்கிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. கரோலா மகனுக்குப் போன் செய்தாள்: “நான் பக்கத்துலயேதான் இருந்தேன். கையப் பிடிச்சிட்டே. நிம்மதியா போனார்.” நான் அருகில் நின்று கேட்டேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். நான் எழுதிய முதல் கதை அதுதான்.

5

முடிவு ஒன்று: கரோலா உண்மையைச் சொல்கிறாள். அவர் எண்ணெய் உடம்போடு சட்டையை மாட்டிக்கொண்டு

முடிவு இரண்டு: சொல்லவில்லை. செவ்வாய்தோறும் அவர் வருகிறார், செவ்வாய்தோறும் அப்பா நிம்மதியாகச் சாகிறார்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். “அப்படியா, நல்லது,” என்றாள். கை மறுபடி நகர்ந்தது. மறுநாள் பேக்கரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

“எனக்குக் கோபமே வரல வாசு. நான் சொன்ன பொய்ய எடுத்துப் போத்திக்கிட்டிருக்கார். அத உருவுறதுக்கு நான் யாரு? ஆனா அவர் முதுகுல கை வைக்கும்போதெல்லாம் அவங்கப்பா தனியா செத்தது என் விரல்ல தெரியுது.”

“அவர மாரிட்கிட்ட மாத்திவிட்டுடு,” என்றேன்.

“அது உனக்கு வசதி.”

உண்மைதான். அவள் வாயைத் திறந்தால் என் அறிக்கையும் பொய்யாகிவிடும். இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்குத் தகுதியில்லை; எதை எழுதினாலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுவேன். வருகிற செவ்வாய் பதினொரு மணிக்கு அவர் வருவார். நீங்கள் அந்தப் பிற்பகலில் எங்களோடு இல்லை, யாருக்கும் போன் செய்யவுமில்லை. நீங்கள் சொல்லுங்கள், அவள் என்ன செய்யட்டும்?