மூன்றாம் மாடிக் கட்டுரை

இப்போதெல்லாம் யாரும் யார் முகத்தையும் பார்த்து எதையும் சொல்வதில்லை. பக்கத்து அறைக்காரனுக்கும் போனில்தான் எழுதி அனுப்புகிறார்கள். வாய், தின்பதற்கும் கொட்டாவி விடுவதற்கும் என்று ஆகிவிட்டது. வெல்டர் இப்படிக் கறுவிக்கொண்டே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்குப் படியேறினார். லிப்டின் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பின்னால் மகள் மூச்சுவாங்க வந்தாள்.

கீழே மனநோய்ப் பிரிவில் அவருடைய மகன் கிடந்தான். அவன் காதில் கேட்ட குரல்களை ஒரு மாத்திரை பல வருடமாக அடக்கி வைத்திருந்தது. பட்டறைக்கு வருவான், கம்பி அறுப்பான், ஓயாமல் சிகரெட் ஊதுவான். அந்தச் சிகரெட்டைத்தான் வெல்டர் போன மாதம் நிறுத்தினார். கடைக்காரனை மிரட்டி, கண்கொத்திப் பாம்பாகக் காத்து நிறுத்தினார். தெரு முழுக்க மார்தட்டிக்கொண்டார். டாக்டரும் பாராட்டினார். அதன்பிறகு பையனுக்கு நாக்குக் குழறியது, கால் பின்னியது, உதட்டோரம் எச்சில் வழிந்தது. நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நேற்று வலிப்பு வந்து விழுந்தான்.

மகள் மாத்திரையின் பெயரைப் போனில் தேடியபோது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கிடைத்தது. எழுதியவர் இதே கட்டடத்தில் இருந்தார்.

ரத்தக் குப்பிகள் அடுக்கிய குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்த அறையில், ஆராய்ச்சிக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"இது நீங்க எழுதினதா?" வெல்டர் மகளின் போனை மேசையில் வைத்தார்.

"ஆமாங்க ஐயா. ரெண்டு வருஷமாச்சு. உட்காருங்க."

"உட்கார வரல. எனக்குப் படிக்கத் தெரியாது, சொல்லுங்க."

அந்த அம்மாள் சொன்னார். சிகரெட் புகை கல்லீரலை விரட்டி வேலை வாங்கும். அந்த மாத்திரையைச் சீக்கிரம் சிதைத்து வெளியேற்றும். அதனால் புகைப்பவர்களுக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும். புகை நின்றால் கல்லீரல் நிதானத்துக்கு வந்துவிடும். அதே மாத்திரை உடம்பில் தேங்கிவிடும்.

"நிறுத்தறது நல்லதுதான் ஐயா. ஆனா நிறுத்தினதும் ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாத்து, மாத்திரையைக் குறைக்கணும்."

"கீழ இருக்கற டாக்டருக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும். உலகம் பூரா படிச்ச கட்டுரை இது."

"உலகம் பூரா போச்சு, ரெண்டு மாடி கீழ இறங்கலையாக்கும்."

"அப்பா, மெதுவா," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. நல்லது பண்றேன்னு என் புள்ளைக்கு நானே கொள்ளி வெக்கப் பாத்திருக்கேன். ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அவர் இன்னொரு டாக்டரோட நோயாளி. நான் தலையிட முடியாது. மெயில் அனுப்பறேன்."

"மத்தியான மாத்திரை இப்பக் குடுக்கப் போறாங்க. உங்க மெயில் போய் அவன் வாயப் பொத்துமா?"

ஆராய்ச்சிக்கார அம்மாள் சுவர்ப் பக்கம் பார்த்தார். கட்டுரைக்குக் கிடைத்த பரிசு அங்கே சட்டம் போட்டுத் தொங்கியது. வெல்டரும் பார்த்தார்.

"ஆணி நல்லா இறங்கியிருக்கு," என்றார்.

அம்மாளின் முகம் சிவந்தது. மறுபேச்சில்லாமல் எழுந்து படியிறங்கினார்.

வார்டில் நர்ஸ் மாத்திரைத் தட்டோடு கட்டிலருகே நின்றிருந்தாள். ஆராய்ச்சிக்கார அம்மாள் அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு, டாக்டரை ஓரமாக அழைத்துப் பேசினார். டாக்டரின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. மத்தியான மாத்திரை தட்டிலேயே தங்கியது. உடனே ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. மருந்து எல்லை தாண்டி நின்றது.

"குறைச்சாச்சு. சில நாள்ல தெளிஞ்சிடுவார் ஐயா," என்றார் ஆராய்ச்சிக்கார அம்மாள். பிறகு தயங்கினார். "இவரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதலாமா? பேர் வராது. மத்த டாக்டர்களுக்குத் தெரிய வரும்."

"போன தடவையும் அதுக்குத்தான எழுதினீங்க?"



"எழுதட்டும்பா," என்றாள் மகள்.

"அவன் தெளிஞ்சு உட்காரட்டும். அவனையே கேக்கட்டும்." வெல்டர் மகனின் உதட்டோர எச்சிலைத் தன் துண்டால் துடைத்தார். டாக்டர் பக்கம் திரும்பினார். "மாத்திரையைக் குறைச்சது அடுத்த டூட்டிக்கு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல போட்டாச்சு ஐயா. எல்லாரும் பாப்பாங்க. கவலைப்படாதீங்க."

வெல்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டூட்டி மாறும் நர்ஸுகளின் அறை எந்தப் பக்கம் என்று கேட்டபடி வராந்தாவில் நடந்தார்.