பொதுச் சுவர்

வீட்டுத் தரகர் கொடுத்த தாளில் "மேம்படுத்த இடமுண்டு" என்று போட்டிருந்தது. மேம்படுத்த மட்டும்தான் இடமிருந்தது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில், விக்டோரியா ராணி காலத்து வரிசை வீடுகளில் நடுவீடு. எங்கு தொட்டாலும் ஈரம். ஆனால் என் கணவன் நைஜலுக்குத் தலைகால் புரியவில்லை.

முன்னறையில் பாதியை, குளிருக்குத் தீ மூட்டும் கணப்பின் செங்கல் தூண் அடைத்திருந்தது. அதை இடித்துவிடலாம் என்றான். அதற்கு மேலே நின்ற புகைபோக்கி எங்களுக்கும் பக்கத்து வீட்டு லொரெய்னுக்கும் பொது.

"ஒரு இஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டலாமே," என்றேன்.

"நூத்திமுப்பது வருஷமா நிக்குது. என்னைப் பாத்ததும் விழுந்துடுமா?"

"உன்னைப் பாத்து விழுந்தவ நான் ஒருத்திதான்."

சிரித்தோம். அந்தச் சிரிப்போடு பேச்சை விட்டுவிட்டேன்.

லொரெய்னின் சம்மதத்தை எழுதி வாங்க வேண்டும், சட்டம் அப்படி. அவள் இரவு வேலை பார்க்கும் நர்ஸ், தனி ஆள், பகலில் தூங்குபவள். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"படிச்சுட்டுப் போடுங்க," என்றேன்.

"படிச்சா உங்களை நம்பலைன்னு ஆயிடும்ல."

நைஜல் கீழ்த் தூணை மட்டும் இடித்தான். மேலே இருந்ததற்கு முட்டுக் கொடுக்கவில்லை. மூன்று வாரம் பகலெல்லாம் இடிக்கிற சத்தம். தூங்க முடிகிறதா என்று லொரெய்னைக் கேட்டால், "ஜோரா தூங்கறேன்," என்பாள்.

நான்காவது வாரம், வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் புகைபோக்கி சரிந்தது. எங்கள் பக்கம் ஒரு கல்கூட விழவில்லை. மொத்தமும் பொதுச் சுவரைத் தள்ளிக்கொண்டு அவள் கட்டில்மேல் இறங்கியது. தீயணைப்புக்காரர்கள் அவளை முகம் மூடித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நைஜல்மேல் எனக்கு வந்த வெறுப்பு, என்மேல் வந்ததில் பாதிகூட இல்லை.

அடுத்த வாரம் அவளுடைய அக்கா பெவர்லி வந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை.

"படுக்கையறைச் சுவத்துல விரிசல் விட்டு பத்து நாளாச்சுன்னு போன்ல சொன்னா. விரல் நுழையுதாம். உடனே போய்ச் சொல்லுடின்னேன்."

"ஏன் சொல்லல?"

"வெள்ளிக்கிழமை நீங்க விருந்து வச்சிருக்கீங்களாம், பேசறது சுவர் வழியாக் கேட்டுச்சாம். ஆசையா எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க, இப்பப் போய் என்னத்தச் சொல்றது, சனிக்கிழமை சொல்லிக்கறேன்னா."

உண்மைதான். புதுவீட்டைப் பார்க்கத் தெருவையே கூப்பிட்டிருந்தோம். லொரெய்ன் அந்த நேரம் வேலைக்குக் கிளம்பிவிடுவாள் என்று அவளை மட்டும் கூப்பிடவில்லை.