மூடி வைத்த பீங்கான்

காலை ஏழரைக்கெல்லாம் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு சாய்ந்தமருதின் அந்த ஒழுங்கைக்குள் திரும்பிவிடும். அதற்கு முன்பே ஸைனம்பு கேற்றடியில் வந்து நின்றுவிடுவாள். அன்றைக்கும் நின்றாள். பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பாரையைத் தூக்கி, செவுளைப் பிரித்துப் பார்த்து, மூக்கைச் சுளித்தாள்.

"இது நேத்தைய மீனாக்கும்."

"விடியக் கரைவலையில பட்ட மீன் ராத்தா. ஒங்களுக்கு ஸலாம் செல்லாததுதான் கொற."

"ஸலாம் ஒண்டும் வேணா. மருமகனுக்கு. நடுத்துண்டு மொத்தமா வாற மாதிரி வெட்டித் தா."

மருமகன் றிஸ்வான் கல்முனை பஸாரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறான். ஸைனம்புவின் இளைய மகள் றாஹிலாவைக் கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருக்கிறான். ஆறு வருடம் ஆகிவிட்டது. அம்ஹாவுக்கு நாலு வயது, அஸ்கிக்கு ஒன்றரை. இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா ஆன பிறகும் அந்த வீட்டில் அவன் நேற்று வந்த மாப்பிள்ளைதான்.

குசினியில் றாஹிலா அஸ்கியை இடுப்பில் வைத்துக்கொண்டே தேங்காய்ப்பால் பிழிந்தாள். பாரை மீனுக்குத் தேங்காய்ப்பால் குழம்பு, கட்டியான பாலாணம். முருங்கையிலைச் சுண்டல். பூசணிக்காய். அவித்த முட்டை. பிள்ளைகளுக்கென்று தண்ணீர்ப்பால் விட்ட சொதி. அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. கடைச் சாப்பாடு வேண்டாம், வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று வானொலியில் சொல்கிறார்களே, அவர்கள் வந்து பார்த்தால் கைதட்டிவிட்டுப் போவார்கள்.

ஆனால் சட்டியை இறக்கியதும் முதல் பீங்கான் மருமகனுக்கு. மீனின் நடுத்துண்டுகள், முட்டை, ஆணத்தின் மேல்பால், சுண்டலில் பாதி, எல்லாம் அதில் வைத்து, இன்னொரு பீங்கானால் மூடி, மண்டபத்து மேசையில் வைத்துவிடுவாள் ஸைனம்பு. அவன் வந்து தின்று எழும்பும்வரை மீன்சட்டிக்குள் வேறு யாருடைய அகப்பையும் இறங்கக் கூடாது. அவன் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்வான், மூன்றுக்கு வருவான். நாலு வயதுப் பிள்ளையின் வயிறு மூன்று மணிவரை காத்திருக்குமா? "பசிக்கிது" என்று அம்ஹா குசினி வாசலில் வந்து நின்றால் சோறும் சொதியும் கிடைக்கும். இன்னும் அழுதால் மிக்சர் பக்கட், பிஸ்கட். வாப்பா வந்து மூடியைத் திறக்கும் நேரம் பிள்ளை பிஸ்கட் வயிற்றோடு நித்திரையில் கிடக்கும். றாஹிலா கடைசியில் சட்டியை வழித்துத் தின்பாள். அவளுடைய உம்மாவும் அப்படித் தின்றவள்தான். எல்லாருக்கும் அது பழகிவிட்டது.

மறுநாள் கிளினிக். பிள்ளைகளை நிறுக்கும் விதுஷா மிஸ் காரைதீவுக்காரி. அம்ஹாவைத் தராசில் ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றினாள்.

"பதினொரு கிலோ எண்ணூறு. மூண்டு மாசத்துக்கு முந்தி பன்னெண்டு நூறு. பிள்ளை வளரல்ல தங்கச்சி, தேயிறா."

பிள்ளையின் வளர்ச்சியைக் குறிக்கிற ரோசா நிறக் கொப்பியைத் திறந்து புள்ளி வைத்தாள். பச்சையில் ஏறிக்கொண்டிருந்த கோடு வளைந்து செம்மஞ்சளுக்குள் இறங்கிக் கிடந்தது.

"நேத்துப் பகல் பிள்ளை என்ன சாப்பிட்ட?"

றாஹிலாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "பாரை மீன் பாலாணம் மிஸ், முருங்கையிலச் சுண்டல், பூசணிக்கா, முட்டை அவிச்ச."

"நான் சமைச்சதக் கேக்கல்ல. பிள்ளை சாப்பிட்டதக் கேட்டன்."

உம்மாவை முந்திக்கொண்டு அம்ஹா சொன்னாள். "சோறும் சொதியும். மறுகா பிஸ்கட்."

சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த தாய்மாரில் இரண்டு பேர் சிரித்தார்கள். விதுஷா சிரிக்கவில்லை.

"போன மாசம் தந்த திரிபோஷ ரெண்டு பக்கட்டும் எங்க?"

"முடிஞ்சி மிஸ். உம்மா உருண்டை புடிச்ச."

"ஆர் சாப்பிட்ட?"

எடை குறைந்த பிள்ளைகளுக்கென்று கிளினிக்கில் இலவசமாகத் தருகிற சத்துமா அது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டினால் பின்னேரத் தேத்தண்ணிக்கு நல்ல ருசி. மருமகனுக்கு அது விருப்பம் என்று ஸைனம்பு கண்டுபிடித்துச் சில மாதமாகிறது. இதை எந்த வாயால் சொல்வது?

"இன்னும் இறங்கினா சிவப்பு. அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பாக்கணும்," என்று சொல்லிப் புதிதாக இரண்டு பக்கட்டை நீட்டினாள் விதுஷா. "அடுத்த மாசம் வாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. எப்பவும் உம்மாமாருக்கே ஏசி எனக்கும் அலுத்துப் போச்சு."

அன்று பகல் றாஹிலா மேசையடிக்குப் போனாள். மேல் பீங்கானைத் தூக்கி ஒரு நடுத்துண்டை எடுத்து அம்ஹாவின் சோற்றில் வைத்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்னகா செய்ற?"

"புள்ளக்கி ஒரு துண்டு உம்மா. எடை இறங்கி..."

"சட்டியில வால் துண்டு இரிக்கிதானே, அவர் திண்ட பொறகு குடு. கலைஞ்சி கெடக்கிற பீங்கானப் பாத்தா மருமகன் என்ன நெனப்பாரு? றுஸ்தாட மாப்புள கோவிச்சிக்கிட்டுத் தன்ட உம்மாட ஊட்ட போன கத ஒனக்கு மறந்திட்டா?"

றுஸ்தா மூத்த மகள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு பகல், வந்திருந்த விருந்தாளிகளுக்கு முதலில் சோறு போட்டுவிட்டார்கள். "இந்த ஊட்டுல எனக்கு மரியாத இல்ல" என்று சொல்லி அவளுடைய மாப்பிள்ளை எழும்பி அவனுடைய உம்மா வீட்டுக்குப் போனான். போனவன் வரவேயில்லை. அவன் வேறொரு கல்யாணத்துக்கு ஏற்கெனவே பேசி முடித்துவிட்டுச் சாட்டுத் தேடிக்கொண்டிருந்தவன் என்று பிறகு ஊருக்கே தெரியவந்தது. ஸைனம்புவின் புத்திக்கு மட்டும் அது ஏறவில்லை. அன்றைக்கு மீன்துண்டு சரியாகப் போயிருந்தால் மகள் வாழ்ந்திருப்பாள் என்றே நம்பினாள். அந்த நம்பிக்கையால்தான் இப்போது பேத்தியின் சோற்றில் இருந்ததைப் பறித்தாள்.

றாஹிலா தோற்றாள். துண்டைத் திரும்ப வைத்து, விரலால் ஆணத்தைச் சமப்படுத்தி மூடினாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற அம்ஹா கேட்டாள்.

"உம்மா, நான் மீன் திண்டா வாப்பா போயிருவாங்களா?"

றாஹிலா மிக்சர் பக்கட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பதில் சொல்லவில்லை. அவள் செய்த பிழைகளில் பெரியது அதுதான்.

இரண்டரைக்கு றிஸ்வான் போன் எடுத்தான். "கூட்டாளிமாரோட சாப்பிட்டுட்டன், பாத்திட்டிரிக்காதீங்க." மூடி வைத்த பீங்கான் அப்படியே ஃபிரிட்ஜுக்குள் போனது. இரவைக்குக் கேட்பாரோ, நாளைக்குக் கேட்பாரோ என்று இருந்து மூன்றாம் நாள் கோழிக்குப் போனது. கோழிகள் நல்ல கொழுகொழுவென்று இருந்தன.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து ஒரு நித்திரை கொண்டு எழும்பி, மண்டபத்துக் கதிரையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான் றிஸ்வான். ஸைனம்பு தேத்தண்ணியும் ஒரு தட்டில் ஆறு உருண்டைகளும் கொண்டுவந்து வைத்தாள். அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் றாஹிலா ஒளித்து வைத்திருந்த திரிபோஷவை எப்படித்தான் கண்டுபிடித்தாளோ.

ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோன றிஸ்வான் கதவோரத்தில் நின்ற அம்ஹாவைக் கண்டான். பிள்ளையின் கண் உருண்டையில் இருந்தது.

"வா மகள். இந்தா."

அம்ஹா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "வேணா வாப்பா."

"ஏன், விருப்பமில்லயா?"

"விருப்பம். அது வாப்பாட."

"வாப்பாதானே தாறன். இந்தா, தின்னு."

பிள்ளை ஒரு அடி பின்னால் போனாள். "நான் திண்டா நீங்க கோவிச்சிக்கிட்டு வாப்பும்மாட ஊட்ட போயிருவீங்க. பெரியவாப்பா போன மாதிரி."

றிஸ்வானின் கை நீட்டியபடியே நின்றது. பெற்ற பிள்ளைக்கு விருப்பமான தின்பண்டத்தை வாப்பா நீட்டுகிறான், பிள்ளை பயந்து பின்னால் போகிறது.

"ஆரு இவக்கிட்ட இப்பிடிச் சென்ன?"

"புள்ளைகள் கதைக்கிறதெல்லாம் ஒரு கதயா மருமகன்," என்று ஸைனம்பு அவசரமாகச் சொன்னாள். "நீங்க தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது."

றாஹிலா உள்ளேயிருந்து வந்தாள். கையில் அந்த ரோசாக் கொப்பி. மேசையில், உருண்டைத் தட்டுக்குப் பக்கத்தில், திறந்து வைத்தாள்.

"இந்தக் கோட்டப் பாருங்க. கீழ போகுது. இன்னும் போனா புள்ளய ஆஸ்பத்திரியில வைக்கணுமாம்."

"ஊட்டுல நல்லாத்தானே சமைக்கிறீங்க?"

"ஓம், நல்லாத்தான் சமைக்கிற. நீங்க வரும்வர மூடி வைக்கிற. நீங்க வராட்டி கோழிக்குப் போடுற. ஒங்கட கையில இரிக்கிற உருண்ட என்னண்டு தெரியுமா? திரிபோஷ. அம்ஹாட எடை கொறஞ்செண்டு கிளினிக்கில தந்த."

றிஸ்வான் உருண்டையைத் தட்டில் போட்டான். முகம் சிவந்துவிட்டது. "நான் கேட்டனா? ஒருநாளாவது எனக்கு எடுத்து வைங்க, புள்ளைகளுக்குக் குடுக்காதீங்கண்டு நான் கேட்டனா?"

"கேக்கல்ல. வேணாண்டும் செல்லல்ல." றாஹிலா கொப்பியை அவன் பக்கம் தள்ளினாள். "ஆறு வருசமா மூடி வச்ச பீங்கானத் தெறந்து திண்டீங்க. மத்தவங்கட பீங்கான்ல என்ன இரிக்கிண்டு ஒருநாள் எட்டிப் பாத்தீங்களா?"

ஸைனம்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் வந்துவிட்டாள். "மருமகன், இவள் புத்தி கெட்டுக் கதைக்கிறாள். நீங்க மனசுல வைக்காதீங்க. கோவிச்சிக்கிட்டுப் போயிராதீங்க மகன்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுத்தான் அவனுக்கு விளங்கியது. மண்ணுக்குள் கிழங்கு மாதிரி ஆறு வருடம் அந்த வீட்டில் ஒன்றையும் பார்க்காமல் கொழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். தனக்குக் கிடைத்த ஒவ்வொரு நடுத்துண்டையும் அன்பு என்றும் அந்தஸ்து என்றும் எடுத்துக்கொண்டான். பெரிய மருமகன் எழும்பிப் போன அந்தப் பகலை இந்த மனுஷி ஒவ்வொரு நாளும் பீங்கானில் வைத்து மூடிக்கொண்டிருந்தது அவன் கண்ணில் படவில்லை.

"மாமி, நான் எங்கயும் போறதில்ல," என்றான். "மரியாதயெண்டு நெனச்சி இவ்வளவு நாளும் ஒங்கட பயத்தத்தான் திண்டிரிக்கன். என்ட புள்ளட பங்கையும் சேத்து."

மறுநாள் ஒரு மணிக்கு முன்பே கடையைப் பூட்டிவிட்டு வந்தான். மேசையில் பீங்கான் மூடியபடி இருந்தது. ஸைனம்புவின் கை அவ்வளவு சீக்கிரம் திருந்துமா? றிஸ்வான், பெருநாளைக்கும் விருந்துக்கும் மட்டும் எடுக்கிற, பல பேர் சுற்றியிருந்து தின்கிற பெரிய சஹன் தட்டை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிக் கழுவினான். பாயை விரித்து அதை நடுவில் வைத்து, பீங்கானில் இருந்ததையும் சட்டியில் இருந்ததையும் அதில் கொட்டினான். அஸ்கியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் கூப்பிட்டான். றாஹிலா வந்து இருந்தாள். ஸைனம்பு, "நான் மறுகா சாப்பிடுறன்" என்று குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடுத்துண்டைப் பிரித்து, முள் எடுத்து, அம்ஹாவின் பக்கம் தள்ளினான். அம்ஹா மீனைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். பிறகு குசினி வாசலைப் பார்த்தாள்.

"நான் திங்கவா?"

யாரைக் கேட்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஸைனம்பு நிலையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"தின்னு மனே," என்றாள். "அது ஒன்டதான். நான்தான் பறிச்சி வச்சிரிந்த."

அடுத்த கிளினிக்குக்கு றாஹிலாவோடு றிஸ்வானும் போனான். வாங்கு முழுக்கப் பெண்கள். ஒரே ஒரு ஆண்பிள்ளையாக, அஸ்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பன்னெண்டு நூத்தம்பது," என்றாள் விதுஷா. "இன்னும் செம்மஞ்சள்தான். ஆனா கோடு மேல திரும்பிட்டு."

ஏறத் தொடங்கியது எடை மட்டும்தான். ஒவ்வொரு மீன்துண்டுக்கும் முன்னால் "நான் திங்கவா?" என்று அம்ஹா இன்றைக்கும் கேட்கிறாள். அது எந்தத் தராசிலும் விழாது.

போன மாதம் சிரித்த தாய்மாரில் ஒருத்தி றாஹிலாவின் கையைச் சுரண்டினாள். அவளுடைய மடியில் இருந்த பிள்ளையும் மெலிந்துதான் இருந்தது. "என்னகா குடுத்த? டொனிக்கா?"

றிஸ்வானுக்கும் கேட்கும்படியாகவே றாஹிலா சொன்னாள்.

"புதுசா ஒண்டும் குடுக்கல்ல. அதே மீன், அதே கீரை. முதல்ல ஆருக்குப் போடுறண்டத மட்டும் மாத்தின. வளர்ற புள்ளக்கி முதல்ல போடணும், மிஞ்சினத வளந்தவங்க தின்னட்டும். அதால ஒரு மாப்புளட மரியாதயும் கொறயாது. கொறயிற மரியாதயெண்டா, அது போனாப் போகட்டும்."