மூன்றாவது பிடிதுணி

"இழுக்காதடி, தோலும் சேந்து வரும்" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதும் சுண்டு கையை எடுத்துவிட்டாள். குழாய்த் தண்ணீர் அம்மாவின் வலது உள்ளங்கையில் விழுந்துகொண்டே இருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே ரோஜா நிற நூல் மெழுகு மாதிரி உருகி ஒட்டியிருந்தது. இரும்புச் சட்டி தரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் காதிலும் அதே ரோஜா நிறம், பாதி கருகி. அடுப்படி முழுக்க பிளாஸ்டிக் எரிந்த நாற்றம்.

அது சூடான சட்டியைப் பிடித்து இறக்கச் சுண்டு பின்னிக் கொடுத்த பிடிதுணி. பதினைந்து வயசுக்கு உருவம் போதாது என்று மாடி வீட்டுக்காரர்கள் வைத்த பெயர்தான் சுண்டு. பத்து நாளாகக் குரோஷா ஊசியும் கையுமாக உட்கார்ந்து பாப்கார்ன் பின்னல் கற்றுக்கொண்டாள். ஒரே கண்ணியில் ஐந்து பின்னல் போட்டு, ஊசியை உருவி, முதல் பின்னலின் தலையில் நுழைத்து, விட்ட கண்ணியை அதன் வழியே இழுக்க வேண்டும். ஒரு குமிழ் புடைத்துக்கொண்டு நிற்கும். முதலில் பருத்தி நூலில்தான் போட்டாள். குமிழெல்லாம் சோர்ந்து படுத்துக்கொண்டன. பிளாஸ்டிக் இழையான அக்ரிலிக் நூலுக்கு மாறினாள்; ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை மாதிரி திமிராக நின்றது. குமிழைப் பார்த்துப் பூரித்தவளுக்கு அடுப்பு ஞாபகத்துக்கே வரவில்லை.

"இந்த மாதிரி எத்தன போட்ட?"

"மூணும்மா."

"மீதி ரெண்டும் யாருகிட்ட இருக்கு?"

ஒன்று அத்தைக்கு, ஒன்று கீழே தையல்கடை அக்காவுக்கு. அத்தைக்குப் போன் போட்டாள். அவ்வளவு அழகானதைக் கொண்டுபோய் அடுப்புப் பக்கம் வைக்க நான் என்ன பைத்தியமா, பூஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்று அத்தை சிரித்தாள். சுண்டுவுக்கு அரை உயிர் திரும்பியது. அதற்குள் எதிர்வீட்டு நர்ஸ் வந்து அம்மாவின் கையைப் பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். அம்மா அசையவில்லை.

"நீ மொதல்ல கீழ போய் அத வாங்கிட்டு வா. அப்புறம் நான் கெளம்புறேன்."

சுண்டு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். தையல்கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில், போன வாரம் அவளே தொங்கவிட்ட இடத்தில், வெறும் ஆணிதான் இருந்தது.

"என்னடி, பேய் கீய் தொரத்துதா?" என்றாள் அக்கா.

மூச்சு வாங்கியபடி பிடிதுணியைக் கேட்டாள். அக்காவின் முகம் மலர்ந்தது. காலையில் துணி தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண் அதையே தடவித் தடவிப் பார்த்தாளாம். இடுப்பில் கைக்குழந்தை. ஆசையாகக் கேட்டதால் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

"உன் கைவேலை நாலு பேரு கண்ணுல படட்டுமேன்னுதான் குடுத்தேன். நீ என்கிட்ட சொன்னதத்தான் அவகிட்டயும் சொன்னேன். எவ்வளவு சூட்டயும் தாங்கும்னு."

சுண்டு நடந்ததைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தபோது மெஷின் நின்றிருந்தது. அக்கா ரசீதுப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினாள். நீலச் சட்டை, அளவு, வாங்க வரும் நாள் வெள்ளிக்கிழமை. அவ்வளவுதான். புதிதாக வந்தவள், பேரும் இல்லை, போன் நம்பரும் இல்லை. எந்தப் பக்கம் போனாள் என்றுகூட அக்கா பார்க்கவில்லை.

வாசலில் வந்து நின்றாள் சுண்டு. தெரு நெடுக வீடுகள். ஒவ்வொரு சன்னலுக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு இருக்கும். மாடியிலிருந்து நர்ஸ் அவளைக் கூப்பிடுவது கேட்டது.

"இன்னிக்குத் திங்கக்கெழமதானக்கா?" என்றாள் மெல்ல. "ஒரு கையில கொழந்தய வெச்சுக்கிட்டு, வெள்ளிக்கெழமைக்குள்ள அவங்க எத்தன தடவ சட்டிய எறக்குவாங்க?"